ஒரே பருவத்தில் ‘பாடநூல்’ அந்தஸ்தை இழந்த ஏஐ: தென் கொரியாவில் என்ன நடந்தது? ஆசிரியர்களின் வேலை என்னவாகும்?

2025 மார்ச் மாதம் தென் கொரியாவில் புதிய கல்வியாண்டு தொடங்கியபோது, சில ஆயிரம் பள்ளிகளுக்குக் கணிதம், ஆங்கிலம், கணினி அறிவியல் ஆகிய மூன்று பாடங்களில் புதுவிதமான புத்தகம் வந்தது. காகிதம் கிடையாது. டேப்லெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஏஐ, அந்த மாணவருக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று கணித்து, அவருக்கென்றே தனியாகக் கேள்விகளை எடுத்துக் கொடுக்கும். தொடக்கப் பள்ளியில் 3, 4-ம் வகுப்புகள், நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் முதலாம் ஆண்டு. இவைதான் முதல் சுற்று. ‘50 லட்சம் மாணவர்களுக்கு 50 லட்சம் பாடநூல்கள்’ என்பது அரசு சொன்ன கனவு.

ஆகஸ்ட் 4-ம் தேதி அந்நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. இனி இவை பாடநூல்கள் இல்லை, வெறும் துணைப் பொருட்கள். வேண்டுமென்றால் பயன்படுத்தலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். முதல் பருவத்தில் 4,095 பள்ளிகள் பயன்படுத்தின. அடுத்த பருவத்தில் அது 2,095 ஆகக் குறைந்தது. அரசு செலவிட்டது 1.2 லட்சம் கோடி வோன். நம்மூர்க் கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல். பதிப்பகங்கள் தங்கள் பங்குக்கு 80,000 கோடி வோன் போட்டிருந்தன.

இணைய வேகத்திலும் கணினி வசதியிலும் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. பணப் பற்றாக்குறையும் இல்லை. அப்புறம் எங்கே சறுக்கியது?

ட்யூஷனுக்கு மாற்றாக வந்த திட்டம்

கொரியப் பெற்றோருக்கு இருக்கும் தலைவலி நம்மூர்ப் பெற்றோருக்கும் புரியும்: ட்யூஷன். ‘ஹாக்வோன்’ எனப்படும் தனியார் பயிற்சி மையங்களுக்கு அவர்கள் கொட்டிக் கொடுக்கும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. 2024-ல் மட்டும் தனிப்பயிற்சிக்கான செலவு 29.2 லட்சம் கோடி வோன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தனி ஆசிரியர், மற்றவர்களுக்கு முப்பது பேரோடு ஒரு வகுப்பு. இந்த இடைவெளியை ஏஐ நிரப்பும் என்றார் அப்போதைய கல்வி அமைச்சர் லீ ஜு-ஹோ. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தனி ஆசிரியர், அதுவும் பள்ளியிலேயே. 2023 ஜூனில் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. அவசரம்தான் காலை வாரியது. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் போட்ட கணக்கு இது. கொரியாவில் சாதாரணக் காகிதப் பாடநூலை உருவாக்க 18 மாதம், சரிபார்க்க 9 மாதம், பள்ளிகள் தயாராக 6 மாதம் தரப்படுவது வழக்கம். ஏஐ பாடநூலுக்குக் கிடைத்தது முறையே 12, 3, 3 மாதங்கள். இதுவரை யாரும் செய்து பார்க்காத, பழையதைவிடச் சிக்கலான ஒரு பொருளுக்குப் பழையதைவிடப் பாதி நேரம்!

விளைவு வகுப்பறையில் தெரிந்தது. பிழையான தகவல்கள் வந்தன, செயலி அடிக்கடி நின்றது. எல்லாக் குழந்தைகளும் லாகின் செய்து முடிப்பதற்குள் வகுப்பு நேரத்தில் கணிசமான பகுதி ஓடிவிடுகிறது என்ற புகாரும் வந்தது. குழந்தைகளின் தரவு எங்கே போகிறது என்று பெற்றோர் கேட்டார்கள். ஏற்கெனவே 2024-லேயே திட்டத்தை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் 56,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருந்தனர். ஆசிரியர்களின் குறை வேறு மாதிரி. வேலை குறையும் என்றார்கள், கூடித்தான் போயிருக்கிறது என்பது அவர்களின் வருத்தம்.

அரசியலும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்துச் சிக்கலில் மாட்டினார். அதே மாதம் நாடாளுமன்றம் ஏஐ பாடநூலின் அந்தஸ்தைக் குறைத்தது. தற்காலிக அதிபர் அதை நிராகரித்தார். 2025 ஜூனில் எதிர்க்கட்சியின் லீ ஜே-மியுங் அதிபரானதும் பழைய மசோதா மீண்டும் வந்து நிறைவேறியது. ஆட்சி மாறியதால் மட்டுமே திட்டம் கவிழ்ந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் ஆசிரியர்களும் பெற்றோரும் கையில் பிடித்துக் காப்பாற்றும் அளவுக்கு அந்தப் புத்தகம் யார் மனதையும் வெல்லவில்லை என்பதும் உண்மை.

சாட்ஜிபிடி வைத்துப் படித்தால் மார்க் கூடுமா?

‘தொழில்நுட்பமே வேண்டாம், கரும்பலகை போதும்’ என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஏனென்றால் எதிர்ப்பக்கத்திலும் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் பலன் தருகிறது, இன்னோரிடத்தில் கெடுக்கிறது.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஆய்வைப் பாருங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணித வகுப்பில் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். முதல் குழுவுக்குப் புத்தகமும் குறிப்பேடும் மட்டும். இரண்டாவது குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற ஒரு செயலி. கேட்டால் விடையைச் சொல்லிவிடும். மூன்றாவது குழுவுக்கும் ஏஐதான், ஆனால் அது நேரடியாக விடை சொல்லாது. ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகளின்படி, அடுத்த படியை மட்டும் கோடிகாட்டும்.

பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது குழு முதல் குழுவைவிட 48 சதவீதம் அதிகம் எடுத்தது. மூன்றாவது குழு 127 சதவீதம் அதிகம். சூப்பர்தானே? பிறகு செயலியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். விடையைச் சொல்லும் ஏஐயோடு படித்தவர்கள், ஏஐயையே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தனர். கோடிகாட்டும் ஏஐயோடு படித்த மூன்றாவது குழுவுக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. அதே சமயம் செயலி இல்லாமல் எழுதும்போது அவர்கள் முதல் குழுவைப் பெரிதாக மிஞ்சவும் இல்லை.

இதில் கவலைப்பட வைக்கும் விஷயம் இன்னொன்று. 17 சதவீதம் பின்தங்கிய மாணவர்களுக்குத் தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்றே தோன்றவில்லை. ஜிம்முக்குப் போய், டம்பெல்லை வேறு யாரையோ தூக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி.

வீட்டுப்பாடம் என்ற பழைய ஏற்பாடு ஆட்டம் காண்பதும் இங்கேதான். வீட்டிலிருந்து வரும் கட்டுரையை யார் எழுதினார்கள் என்று ஆசிரியரால் சொல்ல முடியாவிட்டால் அதற்கு மதிப்பெண் போட்டு என்ன பயன்? அமெரிக்காவில் பல கல்லூரிகள் வகுப்பில் உட்கார்ந்து பேனாவால் எழுதும் தேர்வுக்குத் திரும்பியிருக்கின்றன. விற்பனை மங்கிக் கிடந்த தேர்வு நோட்டுகள் மீண்டும் விற்கத் தொடங்கியிருக்கின்றன.

டெல்லியில் பலன் தந்தது எப்படி?

இனி நல்ல செய்திக்கு வருவோம். 2015-ல் டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கற்றல் மென்பொருளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியான் ஆகியோர் நடத்தியது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை படித்த 619 மாணவர்கள் பங்கேற்றனர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் மாலை நேர மையத்தில் இலவசமாகச் சேர வாய்ப்புக் கிடைத்தது.

முதலில் அவர்களின் நிலையைச் சோதித்தபோது வந்த முடிவு அதிர்ச்சி தரக்கூடியது. 6-ம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். மேல் வகுப்புகளுக்குப் போகப் போக இந்த இடைவெளி இன்னும் அகலமானது. ஒரே வகுப்பறையில் ஒருவர் 2-ம் வகுப்பு நிலையில், இன்னொருவர் 6-ம் வகுப்பு நிலையில். ஆசிரியர் 6-ம் வகுப்புப் பாடத்தைத்தான் நடத்தியாக வேண்டும். எத்தனை திறமைசாலியாக இருந்தாலும் நாற்பது பேருக்கு நாற்பது விதமாக ஒரே நேரத்தில் அவரால் பாடம் எடுக்க முடியாது. மென்பொருளால் முடியும். ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே தொடங்கும்.

நாலரை மாதத்தில் மையத்துக்குப் போக வாய்ப்புப் பெற்றவர்களின் கணித முன்னேற்றம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இத்தனைக்கும் மையத்துக்கு அவர்கள் வந்த நாட்கள் மொத்தத்தில் 60 சதவீதத்தைத் தொடவில்லை.

ஆனால் விளம்பரங்களில் விட்டுப்போகும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, அந்த மையத்தில் 90 நிமிடத்தில் பாதிதான் கணினி. மீதி 45 நிமிடம் 12 முதல் 15 பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மனிதர் பாடம் சொல்லித் தந்தார். இரண்டாவது விவரம் சங்கடமானது. பள்ளியின் கணிதத் தேர்வில் இந்த முன்னேற்றம் தெரியவே இல்லை. 3-ம் வகுப்பு நிலையிலிருந்து 4-ம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளையிடம் பள்ளித் தேர்வு 8-ம் வகுப்புக் கேள்வியைத்தானே கேட்கும்? பிள்ளை உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது, ரேங்க் கார்டு மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

குஜராத்தில் அதற்கும் முன்பு லீ லிண்டன் என்ற பொருளாதார அறிஞர் செய்த ஆய்வு இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஒரே கணினிப் பாடத்தை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளி நேரத்தில் ஆசிரியர் பாடம் எடுக்க வேண்டிய இடத்தில் கணினியை வைத்தபோது மாணவர்கள் முன்பைவிடக் குறைவாகக் கற்றனர். பள்ளி முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தபோது அதிகம் கற்றனர். மென்பொருள் மாறவில்லை. ஆசிரியரின் நேரத்தை அது பறித்ததா, அதோடு சேர்ந்ததா என்பது மட்டும்தான் மாறியது.

பெருவில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, கணிதத்திலும் மொழியிலும் எந்த முன்னேற்றமும் இல்லை என்று 2012-ல் வந்த ஆய்வு முடிவைப் பார்த்துத் திகைத்ததும் இதே கதைதான். பெட்டியைக் கொடுத்தார்கள், அதை வைத்து என்ன செய்வது என்பதை யாரும் ஆசிரியரோடு உட்கார்ந்து யோசிக்கவில்லை.

அப்போ ஆசிரியர் வேலை போகுமா, போகாதா?

பள்ளிப் புத்தகங்களுக்கு இன்னும் பத்தாண்டுகூட ஆயுள் இல்லை, எல்லாம் சினிமா மூலம்தான் என்று தாமஸ் ஆல்வா எடிசன் சொன்னது 1913-ல். எனவே ‘2035-ல் ஆசிரியரே இருக்க மாட்டார்’ வகை வாட்ஸ்அப் பதிவுகளைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். இப்போது உலகின் பிரச்சினை ஆசிரியர்கள் மிஞ்சிப்போவது இல்லை, போதாமல் இருப்பது. 2030-க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பது யுனெஸ்கோவின் மதிப்பீடு. இந்தியாவில் ஒரே ஓர் ஆசிரியரோடு ஓடும் பள்ளிகள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது ஆசிரியரை நியமிப்பதைவிட ஒரு ஸ்மார்ட் போர்டை மாட்டுவது அரசுகளுக்கு மலிவு. குஜராத் ஆய்வு எச்சரிப்பது இந்த மலிவைத்தான்.

வேலையின் உள்ளடக்கம் மாறும் என்பதில் சந்தேகமில்லை. கேள்வித்தாள் தயாரிப்பது, பாடத்திட்டக் குறிப்பு எழுதுவது, ஒரே கணக்கை ஐம்பது நோட்டில் திருத்துவது போன்றவற்றை ஏஐ ஏற்கெனவே ஓரளவு செய்கிறது. அந்த நேரம் மிச்சமாகி ஆசிரியர் பிள்ளைகளோடு கூடுதலாகப் பேசினால் லாபம். மிச்சமான நேரத்தில் இன்னொரு செயலியை நிரப்பச் சொன்னால்?

இது கற்பனையல்ல. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் ‘எமிஸ்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். வருகைப்பதிவு தொடங்கி நலத்திட்டப் பொருள் விநியோகம் வரை எல்லாவற்றையும் அந்த இணையதளத்தில் பதிவேற்றுவதிலேயே பாடம் நடத்தும் நேரம் கரைகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவரும் குறை. கற்பித்தலுக்கு உதவ வந்த தொழில்நுட்பம், ஆசிரியரை டேட்டா என்ட்ரி ஊழியராக்கியது. கொரிய ஆசிரியர்களின் வருத்தமும் ஏறக்குறைய இதுதான்.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு மறுபக்கமும் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் 18 மாதம் மூடிக் கிடந்தபின், கிராமப்புறக் குழந்தைகள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீட்டுவிட்டார்கள் என்று சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த ஆய்வு சொன்னது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் ‘இல்லம் தேடிக் கல்வி’. அதில் ஏஐ எதுவும் கிடையாது. மாலையில் தெருத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த, பெரும்பாலும் அதே ஊர் அக்காக்கள்தான் அங்கே இருந்தார்கள்.

‘எங்க ஸ்கூல்ல ஏஐ இருக்கு சார்’

அட்மிஷன் நேரத்தில் இந்த வாக்கியத்தை இனி அடிக்கடி கேட்க வேண்டியிருக்கும். கேட்டதும் மயங்கிவிடாமல் பெற்றோர் திருப்பிக் கேட்க மூன்று கேள்விகளாவது உண்டு. அந்தச் செயலி விடையைச் சொல்லுமா, வழியைக் காட்டுமா? அது ஓடும் நேரத்தில் வகுப்பில் ஆசிரியர் என்ன செய்துகொண்டிருப்பார்? என் பிள்ளையின் தரவு யாரிடம் போகிறது? முதல் கேள்விக்கே பதில் தெரியாத பள்ளி, கட்டண ரசீதில் மட்டும் ‘ஏஐ’ வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளைப் பொறுத்தவரை கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. 3-ம் வகுப்பிலிருந்தே ஏஐ மற்றும் கணினிவழிச் சிந்தனையைப் பாடமாக்கப் போவதாக மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. கையேடுகளும் பாடப்பொருட்களும் தயாராக அப்போது சொல்லப்பட்ட கெடு டிசம்பர் 2025. வகுப்பறைக்கு வரும் ஆண்டு 2026-27. நாட்டில் இருக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களுக்கான பயிற்சியும் இதே கால அட்டவணைக்குள்தான் நடந்தாக வேண்டும்.