முன்னோர் வீடும் நம் குடித்தனமும்

பூவிருந்தவல்லியை அடுத்த நூம்பலில், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கிடையே பழைய ஓட்டு வீடு ஒன்று கண்ணில் பட்டால், "இது இன்னும் எத்தனை நாளைக்கோ!" என்றே நம் மனம் எண்ணுகிறது. பெற்றோர் கண்மூடியதும் உடன்பிறந்தார் கூடி மனைக்கு விலை பேசுவது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மற்றவர்க்குரிய பங்கை ஈடுசெய்து வீட்டைக் காத்துக்கொண்டாலும், அதில் எவ்வாறு வாழ்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைக் குடும்பத்தோடு சென்று காண்பது நன்று. செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு முதலியவற்றைப் பிறந்த மண்ணிலிருந்து பிரித்தெடுத்து, அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். கண்கொள்ளாக் காட்சிதான். ஆயினும் அங்கே எவரும் சோறு வடிப்பதில்லை. குழந்தைகள் சுவரில் கிறுக்குவதில்லை. நம் வீடு காட்சிக்கன்று, குடியிருப்பதற்கே.

மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுவதே முதல் அலங்காரம். அடுத்தது சுவர். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை ஏற்று வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசி, எண்ணெய் வண்ணமும் அடித்துவிட்டால், ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். சில மழைக்காலங்களில் உப்புப் பூத்து, பூச்சுப் பொருக்காய் உதிரும். பின்பு, "பழைய வீடு, இனி உதவாது" என்று வீட்டின்மீதே பழி சுமத்துகிறோம்! நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் சிறிது காவியோ மஞ்சட்காவியோ கலந்து அடித்தால் போதும். எந்த அறைக்கு எந்த நிறம் என்பதை அதில் உறங்குபவரே தெரிந்துகொள்ளட்டும். செங்காவித் தரையில் விரிசல் கண்ட இடத்தில் ஒரு கோரைப்பாயை விரிக்கலாம்.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் விலைக்கு வருகின்றன. பிறருடைய பாட்டனார் தூணை வாங்கித் தம் கூடத்தில் நிறுத்துவோரும் உண்டு. நம் பாட்டனாரின் மரப்பெட்டியோ பரணில் தூசி படிந்து கிடக்கிறது! அதை இறக்கித் துடைத்தால் பாயும் தலையணையும் வைக்க உதவும். பிள்ளைகள் வரைந்த படங்களைத் தாத்தாவின் நிழற்படத்துக்கு அருகிலேயே மாட்டலாம். கூடத்துத் திரு இருதயப் படத்தை மட்டும் இடம் மாற்ற வேண்டாம். விடுமுறைக்கு வரும் உறவினர் கண்கள் முதலில் தேடுவது அதைத்தான். அதன்மீதுள்ள பிளாஸ்டிக் மாலையை எடுத்துவிடலாம்.

அம்மாவின் பித்தளை அண்டாவைத் தங்கை விரும்பிக் கேட்டால், மனமுவந்து கொடுத்துவிடுவோம். அது இருந்த மூலையில் பேரனின் மிதிவண்டி நிற்கட்டும்.