திருவிழா விளக்கும் ஒரு கைங்கரியமே

ஆடி பிறந்துவிட்டால் புதுவை முதலியார்பேட்டைத் தெருக்கள் புதுக்கோலம் பூணுகின்றன. அம்மன் சந்நிதிகளில் கூழ் வார்ப்பார்கள். வேப்பிலைத் தோரணம் ஆடும். அந்தி சாய்ந்ததும் சீரியல் விளக்குகளில் அன்னையின் திருவுருவம் ஒளிரும். பந்தல் மேடையில் பக்தி இன்னிசை ஒலிக்கும். இத்தனை ஒளியையும் ஒலியையும் தாங்கி நிற்பவை மின்கம்பத்திலிருந்து இறங்கும் நான்கு கம்பிகளே. அவற்றை முறையாகக் கையாள்வதில் அடியார்களின் உயிர் அடங்கியிருக்கிறது.

தஞ்சையை அடுத்த களிமேட்டை நாம் மறத்தல் ஆகாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் பெருமானின் சதய விழாவில் வீதியுலா வந்த தேர், மேலே சென்ற உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். தேரின் உயரத்தையும் வீதிக் கம்பியின் உயரத்தையும் முன்னரே அளந்து, உலா வரும் நேரத்தில் மின்துறையினரைக் கொண்டு இணைப்பைத் துண்டிப்பதே அத்துயரம் புகட்டும் பாடம்.

ஆபத்து வீதியில் மட்டுமன்று, மேடையிலும் உண்டு. மேடைக்கு வரும் நான்கு கம்பிகளில் மூன்று மின்முனைகள், நான்காவது நியூட்ரல். தேர்வடம் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள். ஊரார் அனைவரும் ஒரே வடத்தைப் பற்றினால் தேர் கோணும். அதுபோல விளக்குகளின் சுமையையும் மூன்று முனைகளுக்கும் பகிர்ந்தளித்தல் வேண்டும். ஆனால் பாடுவோரும் வாத்தியம் இசைப்போரும் தொடும் கருவிகள் யாவும் ஒரே முனையில் இருப்பதே நலம். இரு முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 415 வோல்ட் அழுத்தம் நிலவுகிறது.

கணக்கு எளிது. வாட் அளவை 230 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 1000 வாட் பழைய மேடை விளக்கு ஒன்று நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டின் பெரிய பிளக் தாங்குவது 16 ஆம்பியர்; நான்காவது விளக்கிலேயே எல்லை கடந்துவிடும். எல்.இ.டி. விளக்குகள் இச்சுமையைப் பெரிதும் குறைக்கின்றன. நீண்ட ஒயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினால் வெப்பம் வெளியேறாமல் உறை உருகும். ஓலைப் பந்தலின் கீழ் அதுவே தீயாகும்.

நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட்டுக்கான கருவிகளில் மிகை அழுத்தம் பாய்ந்து அவை கருகும். ஆகவே அந்த முடிச்சு உறுதியாய் இருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் இரைச்சல் கேட்கிறதென்று எர்த் கம்பியை நீக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது பெரும் பிழை. கசியும் மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழியின்றி, மைக்கைப் பற்றிய பாடகரின் உடலையே வழியாக்கிக் கொள்ளும். அபிஷேக நீரில் நனைந்த தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஃபியூஸ் கம்பியைக் காக்கும், மனிதரைக் காக்காது. உடலில் பாயும் சிறு கசிவு அதை உருக்கப் போதாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியே உயிர்க்காவல். ஜெனரேட்டர் வைப்போர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகவே இணைத்தல் வேண்டும். இல்லையேல் அம்மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, மின்மாற்றியில் உயர் அழுத்தமாகி, மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரைத் தாக்கும்.

ஆகவே விழாக்குழுவினர் உரிய அனுமதியுடன் தற்காலிக மின் இணைப்புப் பெற்று, உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும். காப்புக் கட்டும் நாளில் மூன்று கேள்விகளை அவரிடம் கேளுங்கள்: மொத்தச் சுமை எத்தனை ஆம்பியர்? எர்த் எங்கே இறங்குகிறது? ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை இன்று அழுத்திப் பார்த்தீர்களா?

கோயிலில் திருவிளக்கு ஏற்றுபவர் திரியையும் எண்ணெயையும் பார்த்த பிறகே சுடரை ஏற்றுகிறார். மின்விளக்குக்கும் அதே பக்தி உரியது. அன்னையைத் தரிசிக்க வந்த குழந்தை நலமாய் இல்லம் திரும்புவதே விழாவின் நிறைவு.