விரல் நுனியில் பற்றாசு

தரமணி மத்திய பாலிடெக்னிக்கைப் போன்ற தொழிற்கூடங்களில் மின்னணுவியல் பயிலும் மாணாக்கருக்குச் சால்டரிங் இரும்பு பழகிய கருவி. பொற்கொல்லர் பற்றாசு என்பார்களே, அதனை உருக்கிக் கம்பியோடு கம்பியைச் சேர்க்கும் வேலை அது. பார்வையற்ற வாலிபர் ஒருவர் இதனைப் பொழுதுபோக்காகக் கைக்கொள்ள விரும்பினால், "ஐயோ, கை வெந்துபோகுமே!" என்று வீட்டார் தடுப்பது சகஜந்தான். ஆனால் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து ஸ்மித்-கெட்டில்வெல் கண் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் பார்வையற்றோருக்கென்றே ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையைத் தொடங்கிற்று. அதன் ஆசிரியர் பில் கெர்ரியும் பார்வையற்ற பொறியியலாளரே. பற்றவைக்கும் முறைகள் அதிலே விரிவாக விளக்கப்பட்டன.

கருவி வாங்க ரிச்சி தெருவுக்குச் செல்பவர் முதலில் வினவவேண்டியது விலையன்று, "எத்தனை விரைவில் சூடேறும்?" என்பதே. விசையை அழுத்திய சில விநாடிகளில் சூடேறும் துப்பாக்கி வடிவக் கருவியானால், குளிர்ந்த முனையை விரலால் தடவி இணைப்பின்மேல் வைத்து, விரலை விலக்கிக்கொண்டபின் விசையை அழுத்தலாம். தடித்த கம்பிகளுக்கு இது உகந்தது. நுண்ணிய பாகங்களுக்குப் பேனா வடிவமே மேல். அதற்கு மேஜையோடு திருகிப் பொருத்திய தாங்கி அவசியம். நகருகிற தாங்கியை இனாமாகக் கொடுத்தாலும் நாம் வேண்டாமென்போம்.

பற்றாசிலும் தேர்வு உண்டு. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தது 183 டிகிரி ஸென்டிகிரேடிலேயே சட்டென்று உருகும். அதனைத் துண்டாக நறுக்கி இணைப்பில் முன்கூட்டியே சுற்றிவிட்டால், சூட்டினருகே மறுகையை நீட்டவேண்டியதில்லை. ஆறியபின் ஒலியெழுப்பும் மீட்டரை வைத்தால், மின்தொடர்பு இருக்குமிடத்தில் அது 'கீ' என்று கூவும். பிடிப்பின் உறுதியை விரலே இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடும். காரீயம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகுதான் காப்பி!