இயக்குதளத்தைப் பெரிய திண்மநிலை வட்டுக்கு மாற்றுதல்

கணினியில் நிறுவப்பட்ட இயக்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள், பயனரின் கோப்புகள் ஆகிய அனைத்தையும் மறுபடி நிறுவாமல், கூடுதல் கொள்ளளவுள்ள எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டுக்கு அப்படியே கொண்டுசெல்வது வட்டுப் படியாக்கம் ஆகும். குளோனிங் என்ற பெயரே பரவலாக வழங்குகிறது. 128 ஜிபி வட்டுடன் வாங்கிய மடிக்கணினியில் இடம் நிறைந்து, 500 ஜிபி அல்லது 1 டிபி வட்டுக்கு மாறும்போது இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

கோப்புகளைப் புதிய வட்டில் நகலெடுத்து ஒட்டினால் கணினி துவங்காது. யூஈஎஃப்ஐ முறைக் கணினிகளில் துவக்க ஏற்றி, ஃபேட்32 வடிவிலுள்ள தனியான சிறிய வட்டுப் பிரிவில் இருக்கிறது. அது பயனர் கண்ணில் படுவதில்லை. அதனால் எல்லாப் பிரிவுகளையும் அவற்றின் அட்டவணையுடன் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

நகலெடுத்தல்

குளோன்சில்லா என்ற கட்டற்ற மென்பொருளும், லினக்சின் டிடி கட்டளையும் இதற்குப் பயன்படுகின்றன. குளோன்சில்லா தனக்குத் தெரிந்த கோப்பு முறைமைகளில் தரவு உள்ள பகுதிகளை மட்டும் நகலெடுக்கும். டிடி, வெற்றிடம் உட்பட ஒவ்வொரு பிரிவுக்கூறையும் நகலெடுப்பதால் நேரம் கூடும். டிடி கட்டளையில் மூல வட்டும் இலக்கு வட்டும் இடம் மாறிவிட்டால், புதிய வட்டின் வெறுமை பழைய தரவின் மேல் எழுதப்பட்டுவிடும். கட்டளை எந்த எச்சரிக்கையும் தராது. எனவே முதலில் முக்கியக் கோப்புகளை மூன்றாவது ஓரிடத்தில் காப்பெடுத்துவிட்டு, வட்டின் கொள்ளளவையும் மாதிரி எண்ணையும் பார்த்து எது எது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழைய வட்டில் வாசிப்புப் பிழைகள் தோன்றினால் டிடிரெஸ்கியூ பொருத்தமானது. தீநிரலால் பாதிக்கப்பட்ட இயக்குதளத்தைப் படியாக்கம் செய்வதில் பொருளில்லை. அந்நிலையில் புதிதாக நிறுவுவதே நல்லது.

கூடுதல் இடம்

128 ஜிபி வட்டின் நேரடி நகலில் 128 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருக்கும். மீதி, வட்டின் இறுதியில் ஒதுக்கப்படாத இடமாகக் கிடக்கும். விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவி, சி பிரிவை அதற்கு அடுத்து ஒட்டியுள்ள வெற்றிடத்தில் மட்டுமே நீட்டும். ஆனால் பல கணினிகளில் சி பிரிவுக்கும் அந்த வெற்றிடத்துக்கும் நடுவே மீட்புப் பிரிவு நிற்பதால் நீட்டிக்கும் தெரிவு மங்கலாகவே தெரியும். ஜிபார்ட்டெட் கொண்டு மீட்புப் பிரிவை வட்டின் இறுதிக்கு நகர்த்திய பிறகு சி பிரிவை நீட்டலாம்.

ஜிபிடி அட்டவணையின் காப்பு நகல் வட்டின் கடைசியில் இருக்க வேண்டியது. டிடி நகலில் அது பெரிய வட்டின் நடுவே தங்கிவிடுவதால், ஜிடிஸ்க் போன்ற கருவியால் இறுதிக்கு மாற்ற வேண்டும். பழைய எம்பிஆர் அட்டவணையோ, வழக்கமான 512 பைட்டு அளவுக் கூறுகளில், சுமார் 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தைக் கையாளாது.

முதல் துவக்கம்

நகலில் வட்டின் அடையாள எண்களும் சேர்ந்தே வருகின்றன. இரு வட்டுகளும் இணைந்திருந்தால் விண்டோஸ் ஒன்றை இணைப்பற்ற நிலையில் வைக்கலாம். லினக்சு பழைய வட்டையே ஏற்றிவிடலாம். புதிய வட்டில் வேலை நடக்கிறது என்று நம்பிப் பழையதை அழிப்பவர், உண்மையில் தம் அண்மைய கோப்புகளையே அழிக்க நேரும். முதல் துவக்கத்தின்போது பழைய வட்டைக் கழற்றிவிட்டால் இக்குழப்பம் எழாது.

பிட்லாக்கர் மறைகுறியாக்கம் இயங்கும் கணினியில் அதை முன்கூட்டியே இடைநிறுத்தி, 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கணினிக்கு வெளியே எழுதிவைக்க வேண்டும். சாட்டா வட்டிலிருந்து என்விஎம்இ வட்டுக்கு மாறுவோர் வாங்கும் முன்பே தாய்ப்பலகையைப் பார்க்க வேண்டும், எம்.2 பொருத்துவாய் இருந்தாலும் அது சாட்டாவை மட்டும் ஏற்பதாக இருக்கலாம்.

பழைய வட்டைச் சில வாரங்கள் அப்படியே வைத்திருப்பது வழக்கம். பின்னர் விற்பதானால் விரைவு வடிவமைப்பு போதாது. வட்டுத் தயாரிப்பாளரின் பாதுகாப்பான அழித்தல் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.