நெபுலாப் படங்களில் விண்மீன் நீக்கம்

நெபுலாப் படங்களில் விண்மீன் நீக்கம் என்பது, தொலைநோக்கி வழியாக எடுத்த ஒரு நெபுலாவின் (விண்முகிலின்) ஒளிப்படத்தைக் கணினியின் உதவியால் இரண்டு படங்களாகப் பிரிக்கும் முறையாகும். ஒன்றில் நெபுலாவின் வளிமமும் தூசியும் மட்டும் இருக்கும். மற்றொன்றில் விண்மீன்கள் மட்டும் இருக்கும். பெரும்பாலும் இவ்விரண்டும் தனித்தனியே செப்பனிடப்பட்டு, இறுதியில் மீண்டும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. ஆகவே நீக்கம் என்று பெயர் இருந்தாலும், இது அடிப்படையில் ஒரு பிரிப்பு வேலையே. விண்மீன் இருந்த இடத்தில் புதிதாக நிரப்பப்படுவது அளந்து பெற்ற ஒளி அன்று, சுற்றுப்புறத்தைக் கொண்டு செய்த மதிப்பீடு. இம்முறையின் பயனும் வரம்பும் இந்த ஒரு செய்தியிலேயே அடங்கியுள்ளன.

தேவை

விண்மீன்கள் மிகத் தொலைவில் இருப்பதால் புள்ளிகளாகவே தெரிய வேண்டும். ஆனால் காற்று மண்டலத்தின் அலைவு, தொலைநோக்கியின் வாயில் ஏற்படும் ஒளிவிளிம்பு விளைவு, கண்ணாடிகளில் சிதறும் ஒளி ஆகியவற்றால் அவை படத்தில் சிறு வட்டுகளாகப் பரவுகின்றன. ஒரே படத்தில் எல்லா விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே விதமாகவே பரவுகின்றன. பிரகாசமான விண்மீனின் பரவலில் ஓரப் பகுதியும் கண்ணுக்குத் தெரியும் அளவு ஒளியுடன் இருப்பதால், அது மட்டும் பெரிதாகத் தோன்றுகிறது.

நெபுலாக்களின் ஒளியோ மிகவும் மங்கியது. 16 பிட் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் 0 முதல் 65,535 வரை மதிப்புப் பெறலாம். எடுத்துக்காட்டாக, வானப் பின்னணியின் மதிப்பு 1,000 என்றும், நெபுலாவின் மெல்லிய இழை ஒன்றின் மதிப்பு 1,030 என்றும், பிரகாசமான விண்மீனின் நடுப்பகுதி 65,535 என்றும் கொள்வோம். 1,000க்கும் 1,030க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் தாழ்ந்த மதிப்புகளைப் பெரிதும் உயர்த்த வேண்டும். இதற்கு ஒளி நீட்டல் என்று பெயர். அவ்வாறு நீட்டும்போது விண்மீன்களின் மங்கிய ஓரங்களும் சேர்ந்து உயர்கின்றன. ஊசிமுனை போலிருந்த விண்மீன் மிளகு போலாகி, பால்வழிப் பகுதியில் எடுத்த படமானால் நெபுலாவையே மூடிவிடுகிறது. விண்மீன்களை முன்கூட்டியே பிரித்து வைத்துவிட்டால் நெபுலாவை வேண்டிய அளவு நீட்டலாம், விண்மீன்கள் பருப்பதில்லை.

ஒற்றை நிற ஒளியும் கொடைக்கானலும்

விண்மீன் ஒளியையும் வளிம ஒளியையும் இயற்பியல் வழியிலேயே ஓரளவு பிரிக்க முடியும். விண்மீனின் ஒளி எல்லா நிறங்களிலும் தொடர்ச்சியாகப் பரவியுள்ளது. ஒளிரும் நெபுலாவின் ஒளி சில குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் குவிந்துள்ளது. ஐதரசன் ஆல்பா கோடு 656.3 நானோமீட்டரிலும், இருமுறை அயனியான ஆக்சிசனின் வலுவான கோடு 500.7 நானோமீட்டரிலும், அயனியான கந்தகத்தின் கோடுகள் 671.6, 673.1 நானோமீட்டரிலும் அமைகின்றன. சில நானோமீட்டர் அகலமே உள்ள குறும்பட்டை வடிகட்டியைப் படக்கருவியின் முன் வைத்தால் நெபுலாவின் ஒளி முழுமையாக வரும். விண்மீன் ஒளியில் மிகச் சிறு பங்கே வரும். தெருவிளக்குகளின் ஒளியிலும் பெரும்பகுதி தடுக்கப்படும்.

ஒற்றை நிறத்தில் வானைப் பார்க்கும் இக்கருத்து தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், சூரியனைக் கால்சியம் கோட்டின் ஒளியில் மட்டும் படமெடுக்கும் பணி 1904இல் தொடங்கியது. ஐதரசன் ஆல்பா ஒளியில் படமெடுப்பது 1912இல் தொடங்கியது. கண்ணைக் கூசவைக்கும் தொடர் ஒளியை விலக்கி, ஒரு தனிமத்தின் ஒளியை மட்டும் எடுத்தபோது, சூரியனின் மேலடுக்கிலுள்ள இழைகளும் தழல்களும் புலப்பட்டன. இன்று நெபுலாவைப் படமெடுப்பவர் பயன்படுத்துவதும் அதே 656.3 நானோமீட்டர் கோடுதான்.

தொடர் ஒளிக் கழித்தல்

குறும்பட்டை வடிகட்டியால் விண்மீன்கள் மங்குமே தவிர மறைவதில்லை. எஞ்சியவற்றை அகற்ற ஆய்வாளர்கள் கழித்தல் முறையைக் கையாள்கின்றனர். ஒரே பகுதியை ஐதரசன் ஆல்பா வடிகட்டியிலும், அகன்ற சிவப்பு வடிகட்டியிலும் படமெடுக்க வேண்டும். சிவப்புப் படத்தின் ஒளியளவைத் தக்க விகிதத்தில் குறைத்து முதற்படத்திலிருந்து கழித்தால் விண்மீன்கள் நீங்கி, ஐதரசனின் ஒளி மட்டும் எஞ்சும். லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இயக்கிவரும் 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கி போன்ற கருவிகளால், விண்மீன் பேரடைகளில் புதிய விண்மீன்கள் பிறக்கும் இடங்களை அளக்க இம்முறை உதவுகிறது.

இம்முறையில் எதுவும் ஊகித்து நிரப்பப்படுவதில்லை; ஓர் அளவீட்டிலிருந்து மற்றோர் அளவீடு கழிக்கப்படுகிறது. ஆயினும் முழுத் தூய்மை கிடைப்பதில்லை. விண்மீன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமுடையவை என்பதால் ஒரே விகிதம் எல்லாவற்றிற்கும் பொருந்தாது. நடுப்பகுதி நிரம்பி வழிந்த விண்மீன்கள் கரும்புள்ளிகளாகவோ வளையங்களாகவோ எஞ்சும்.

மென்பொருள் முறைகள்

தொடக்கத்தில் சிறு புள்ளிகளை மட்டும் சுருக்கும் வடிப்புகள் பயன்பட்டன. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பதிலாக அதன் சுற்றுப்புறத்தின் இடைநிலை மதிப்பை வைத்தால் சிறு விண்மீன்கள் மறையும். ஆனால் நெபுலாவின் நுண்ணிய இழைகளும் சேர்ந்தே மழுங்கும்.

இப்போது பெரிதும் பயன்படுபவை செயற்கை நரம்புப் பிணையத்தில் இயங்கும் மென்பொருள்கள். நிக்கிதா மிசியுரா உருவாக்கிய ஸ்டார்நெட் இலவசமாகக் கிடைக்கிறது. இலவச, திறமூல மென்பொருளான சிரில் அதைத் தன்னுள்ளிருந்தே இயக்கும் வசதி கொண்டது. ரசல் குரோமன் உருவாக்கிய ஸ்டார்எக்ஸ்டெர்மினேட்டர் கட்டண மென்பொருள். இது பிக்ஸ்இன்சைட், போட்டோஷாப் ஆகியவற்றுடன் இணைந்து செயல்படும்.

இத்தகைய பிணையத்திற்கு, விண்மீன்கள் உள்ள படங்களும் அவை நீக்கப்பட்ட அதே படங்களும் இணை இணையாகக் காட்டப்பட்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பின்னர் புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், மென்பொருள் அதைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, விண்மீன் எது, நெபுலா எது என முடிவு செய்து, விண்மீன் இருந்த இடத்தைச் சுற்றுப்புறத்திற்கேற்ப நிரப்பும்.

இது கிழிந்த துணியை இழையோட்டித் தைப்பது போன்றது. கைதேர்ந்தவர் தைத்தால் நிறமும் நெசவும் பொருந்திக் கிழிசல் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் இருப்பது புது நூல். பழைய நூல் அன்று. நிரம்பி வழிந்த ஒரு படப்புள்ளியில் விண்மீனுக்குப் பின்னாலிருந்த நெபுலாவைப் பற்றிய தகவல் எதுவும் பதிவாகவில்லை. பதிவாகாததை எந்த மென்பொருளும் மீட்டுத் தர இயலாது.

செய்முறை வரிசை

1. பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரைச்சலைக் குறைத்தல். இருட்படம், சமவொளிப் படம் ஆகியவற்றால் கருவியின் குறைகளைத் திருத்துதல்.

2. தெருவிளக்கு, நிலவு ஆகியவற்றால் வானப் பின்னணியில் ஏற்பட்ட சாய்வை நீக்குதல்.

3. நிறத்தைச் சரிசெய்தல். இது பட்டியலிலுள்ள விண்மீன்களின் நிறத்தோடு ஒப்பிட்டுச் செய்யப்படுவதால், விண்மீன்களை நீக்கும் முன்பே முடிக்க வேண்டும். பரவலைத் திருத்திப் படத்தைக் கூர்மையாக்குவதற்கும் விண்மீன்களின் வடிவமே அளவுகோல் என்பதால் அதுவும் முன்பே செய்யத்தக்கது.

4. விண்மீன்களைப் பிரித்தல்.

5. நெபுலாப் படத்தை நீட்டி, இரைச்சல் குறைத்து, நிறம் கூட்டுதல். விண்மீன் படத்தைச் சிறிதளவே நீட்டி, அவற்றின் இயல்பான நிறத்தைக் காத்தல்.

6. இரண்டையும் மீண்டும் சேர்த்தல்.

நீட்டப்பட்ட படங்களைச் சேர்க்கும்போது வெறும் கூட்டல் பொருந்தாது. கருப்பை 0 என்றும் வெண்மையை 1 என்றும் கொள்வோம். மூலப்படத்தில் ஒரு புள்ளி 0.8, விண்மீன் நீங்கிய படத்தில் அதே புள்ளி 0.3. வெறுமனே கழித்தால் விண்மீனின் பங்கு 0.5. பின்னர் நெபுலாவை 0.6 வரை உயர்த்திவிட்டுக் கூட்டினால் 1.1 வரும், 1ஐத் தாண்டியது வெண்மையாக வெட்டுப்பட்டு, விண்மீன் நிறமிழக்கும். இதற்கு மாற்றாகத் திரைக் கலப்பு முறையில் விண்மீனின் பங்கு 1 − (0.2 ÷ 0.7), அதாவது ஏறத்தாழ 0.714. மீண்டும் சேர்க்கும்போது 1 − (0.4 × 0.286), அதாவது ஏறத்தாழ 0.886. மதிப்பு ஒருபோதும் 1ஐத் தாண்டாது. நெபுலாவை மாற்றாமல் 0.3 ஆகவே விட்டுச் சேர்த்தால் பழைய 0.8 அப்படியே திரும்பக் கிடைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில்

தேனி மாவட்டம், உத்தமபாளையம் வட்டத்திலுள்ள காமயகவுண்டன்பட்டி (கே.கே.பட்டி) வட அகலாங்கு சுமார் 9.7 பாகையில் உள்ளது. இந்த அகலாங்கிலிருந்து வடக்கு, தெற்கு ஆகிய இரு வானங்களின் நெபுலாக்களையும் படமெடுக்கலாம். ஓரியன் நெபுலா தெற்கு வானில் ஏறத்தாழ 75 பாகை உயரம் வரை எழுகிறது. ரோசெட் நெபுலா ஏறக்குறைய உச்சிக்கே வருகிறது. வடக்கே வட அமெரிக்க நெபுலா 55 பாகை உயரம் எட்டும். ஐரோப்பாவிலிருந்து காண முடியாத கரினா நெபுலா இங்கு 20 பாகை உயரம் வரை எழும். தெற்கே மலையின் மறைப்பு இல்லாத இடம் தேவை.

இந்த அமைவிடம் விண்மீன் நீக்கத்தையும் பாதிக்கிறது. தொலைநோக்கியின் தாங்கி விண்ணின் வட துருவத்தை நோக்கி நேர்ப்படுத்தப்பட வேண்டும். துருவ விண்மீன் இங்கு அடிவானிலிருந்து 10 பாகை அளவே உயர்ந்திருப்பதால், தென்னந்தோப்போ குன்றோ அதை மறைத்துவிடும். நேர்ப்படுத்தல் பிசகினால் விண்மீன்கள் நீள்வட்டமாகப் பதியும். வட்டமான விண்மீன்களைக் கொண்டு பயிற்சி பெற்ற மென்பொருள் நீண்ட வடிவங்களை முழுவதும் நீக்காமல் எச்சங்களை விட்டுவிடும். அடிவானத்தை ஒட்டிய கரினா போன்ற நெபுலாக்களின் படங்களில், காற்று மண்டலத்தால் விண்மீன்கள் ஊதிப் பெருத்து நிற ஓரங்களுடன் பதிவதாலும் இதே தொல்லை நேரும். ஆகவே பிரிப்பின் தரம் பெரிதும் கணினிக்கு முன்னால், வயல்வெளியில் தொலைநோக்கியை நிறுத்தும்போதே முடிவாகிவிடுகிறது.

தவறுகள் நேரும் இடங்கள்

ஓரியனின் இடுப்புப் பட்டையிலுள்ள அல்நிடாக் விண்மீனை அடுத்துச் சுடர் நெபுலாவும் குதிரைத்தலை நெபுலாவும் உள்ளன. அல்நிடாக்கின் ஒளிவட்டம் பெரியது. மென்பொருள் நடுவிலுள்ள வட்டை நீக்கிவிட்டு, ஒளிவட்டத்தை நெபுலா எனக் கருதி விட்டுவிடக்கூடும்.

ஓரியன் நெபுலாவின் நடுவே உள்ள டிரபீசியம் கூட்டத்தின் விண்மீன்களே அந்த நெபுலாவை ஒளிரச் செய்கின்றன. அங்கு விண்மீனும் செறிந்த வளிம முடிச்சுகளும் நெருங்கியிருப்பதால், முடிச்சுகள் விண்மீன்களோடு சேர்ந்து நீக்கப்படலாம்.

கார்த்திகை விண்மீன்களைச் சூழ்ந்திருப்பது தானாக ஒளிராத தூசி. அவ்விண்மீன்களின் ஒளியையே அது எதிரொளிக்கிறது. விண்மீன்களை நீக்கினால் விளக்கில்லாத வெளிச்சம் போன்ற, பொருளற்ற படமே எஞ்சும்.

சிறிய கோள்வடிவ நெபுலாக்களும் தொலைவிலுள்ள சிறு விண்மீன் பேரடைகளும் விண்மீன்களாகக் கருதப்பட்டு மறைந்துவிடலாம். ஒமேகா சென்டாரி போன்ற கோளக் கொத்துகள் முழுவதும் விண்மீன்களாலேயே ஆனவை. அவற்றுக்கு இம்முறை ஏற்றதன்று.

சரிபார்த்தல்

பிரித்தெடுத்த விண்மீன் படத்தைத் தனியே நீட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. அரிசியில் கல் பொறுக்கியவர், பொறுக்கிய கற்களில் அரிசி கலந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது. அப்படத்தில் நெபுலாவின் இழைகளோ முடிச்சுகளோ தெரிந்தால், மென்பொருள் நெபுலாவையும் சேர்த்து எடுத்துவிட்டது என்று பொருள்.

விண்மீன் நீங்கிய படத்தில் புதிய இழை ஒன்று தென்பட்டால், அதே இடத்தை மூலப்படத்தில் பார்க்க வேண்டும். வெவ்வேறு இரவுகளில் எடுத்த படங்களைத் தனித்தனியே பிரித்து ஒப்பிடுவதும் நன்று. ஆனால் ஒரே மென்பொருள் ஒரே விண்மீனின் அருகே ஒரே பிழையை இரு முறையும் செய்யக்கூடும் என்பதால், மூலப்படமே இறுதிச் சான்று.

பிரான்சையும் ஜெர்மனியையும் சேர்ந்த ஆர்வலர்களான சேவியர் ஸ்ட்ராட்னர், மார்செல் டிரெக்ஸ்லர், யான் செயின்டி ஆகியோர் ஆந்திரமேடா பேரடையின் அருகே ஆக்சிசன் ஒளியில் 1.5 பாகை நீளமுள்ள மங்கிய வில் ஒன்றைக் கண்டறிந்தனர். 2023 சனவரியில் தொழில்முறை வானியலாளர்களுடன் இணைந்து அதை வெளியிட்டனர். பல தலைமுறைகளாகப் படமெடுக்கப்பட்டு வந்த பகுதி அது. விண்மீன் நீங்கிய படங்களில் அந்த வில் தெளிவாகத் தெரியும். எனினும் வேறு தொலைநோக்கிகளால் எடுத்த படங்களிலும் அது பதிவானதே அதை ஒரு கண்டுபிடிப்பாக்கியது.

பயன்பாட்டின் எல்லை

விண்மீன் நீங்கிய படம் நெபுலாவின் வடிவத்தைக் காணவும், மாணவர்களுக்கு வளிம ஓட்டங்களை விளக்கவும், அழகிய படமாக்கவும் ஏற்றது. ஒளியளவை அளப்பதற்கோ புதிய பொருளைக் கண்டதாக அறிவிப்பதற்கோ அது மட்டும் போதாது. அத்தகைய படத்தை வெளியிடுவோர், விண்மீன்கள் நீக்கப்பட்டவை என்பதையும், பயன்படுத்திய வடிகட்டி, மென்பொருள் ஆகியவற்றையும் படத்தின் கீழே குறிப்பிடுவது நல்வழக்கு. மூலப்படத்தை அழிக்காமல் வைத்திருப்பதும் இன்றியமையாதது. ஐயம் எழும்போது அதைத் திறந்து பார்த்தால்தான் எது வானத்திலிருந்து வந்தது, எது கணினி நிரப்பியது என்பதைப் பிரித்தறிய முடியும்.