எடை குறைக்கும் ரண சிகிச்சைக்குப் பின் எட்டக்கூடிய இலக்கு எது?

உடற்பருமனைக் குறைக்கும் பொருட்டு இரைப்பையில் ரண சிகிச்சை செய்துகொண்டவர்கள் இன்று நம் நாட்டின் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு பட்டணங்களிலும் கிராமங்களிலும் காணப்படுகின்றனர். சிகிச்சை நடைபெறுவது நகரத்து ஆஸ்பத்திரியில். ஆனால் அதன் பின்வரும் நீண்ட ஆண்டுகளை அவர்கள் கழிப்பது தங்கள் சொந்த ஊரில். அங்கே அவர்கள் அடிக்கடி சந்திப்பது ரண சிகிச்சை நிபுணரை அன்று. சுகாதார ஊழியரையும், உடன் பணியாற்றும் ஆசிரியர்களையுமே ஆகும். ஆகவே, "நான் எத்தனை கிலோவுக்கு வந்தால் போதும்?" என்ற கேள்வி பெரும்பாலும் இவர்களிடமே கேட்கப்படுகிறது. சுவரில் தொங்கும் அட்டவணையைப் பார்த்து இதற்கு விடை கூறிவிடுவது எளிது. ஆனால் அவ்விடை இத்தகையோரில் பெரும்பாலோருக்குப் பொருந்துவதில்லை. சில சமயங்களில் அது தீங்கும் விளைவிக்கும்.

அட்டவணை தோன்றிய வரலாறு

மனிதனின் எடை அவனுடைய உயரத்தின் வர்க்கத்தையொட்டி அமைகிறது என்பதைப் பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் அடால்ஃப் கெட்டலே 1830களில் எடுத்துக்காட்டினார். கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே உடல் எடைக் குறியீட்டெண். 1972ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி ஆன்சல் கீஸ் இம்முறையைப் பரிசோதித்து, இதற்கு இன்று வழங்கும் பெயரை அளித்தார்.

'இலட்சிய எடை' என்ற கருத்தோ இன்சூரன்ஸ் தொழிலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் மெட்ரோபாலிடன் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனி 1942, 1943ஆம் ஆண்டுகளில் இத்தகைய அட்டவணைகளை வெளியிட்டது. 1959லும் 1983லும் அவற்றைத் திருத்தியமைத்தது. பாலிசி எடுத்தவர்களில் எந்த எடையுள்ளோர் அதிக காலம் வாழ்ந்தனர் என்பதே அவற்றின் அடிப்படை. 1983ஆம் ஆண்டு அட்டவணையில் உயரம் காலணியுடனும் எடை உடையுடனும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் ரண சிகிச்சை நிபுணர்கள் தங்கள் சிகிச்சையின் வெற்றியை இவ்வட்டவணையைக் கொண்டே அளந்து வந்தனர்.

இந்தியருக்கு இவ்வளவுகள் அப்படியே பொருந்தமாட்டா. ஒரே குறியீட்டெண் உடைய ஐரோப்பியரைக் காட்டிலும் இந்தியர் உடலில் கொழுப்பு அதிகம். லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் 2004ஆம் ஆண்டில் தம் உடலையே சான்றாகக் காட்டி ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவிகிதம். இக்காரணம் பற்றியே, 2009ஆம் ஆண்டில் நம் நாட்டு நிபுணர்கள் கூடி, இந்தியருக்கு 23க்கு மேற்பட்டது மிகை எடை என்றும், 25ம் அதற்கு மேலும் உடற்பருமன் என்றும் வரையறுத்தனர்.

இவ்வளவுகள் நோய் வருமுன் எச்சரிப்பதற்குப் பயன்படுவன. ஆனால், பல ஆண்டுகள் மிகு பருமனுடன் வாழ்ந்த ஓர் உடல் எந்த எடைக்குத் திரும்ப இயலும் என்பதை அவை கூறவில்லை. கூறும் நோக்கத்துடன் தயாரிக்கப்படவும் இல்லை.

சிகிச்சை உடலில் செய்யும் மாறுதல்

இன்று பெரிதும் கையாளப்படும் முறைகள் இரண்டு. ஒன்றில், இரைப்பையின் பெரும்பகுதி நீளவாக்கில் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய் போல் அமைக்கப்படுகிறது. மற்றதில், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை அமைத்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியுடன் இணைத்து, உணவுக்கு மாற்று வழி செய்கின்றனர். இந்த மாற்றுவழி முறையை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக் கழகத்தில் எட்வர்டு மேசன் தொடங்கி வைத்தார்.

இரைப்பை சிறுத்துவிடுவதால் உண்ணும் அளவு குறைகிறது என்பது உண்மையே. ஆனால் அது மட்டும் காரணம் அன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. இது 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகளால் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய் முறையில் அப்பகுதி அகற்றப்படுவதால் பசி தணிகிறது. மேலும், உண்டது போதும் என்ற உணர்ச்சியை அளிக்கும் குடல் ஹார்மோன்கள் இருமுறைகளிலும் மிகுதியாகச் சுரக்கின்றன.

எனினும் உடல் தன் பழைய எடையை எளிதில் விட்டுக் கொடுப்பதில்லை. எடை குறையக் குறைய, உடல் செலவிடும் கலோரிகளின் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. முதலில் மறைந்திருந்த பசி மெல்லத் திரும்புகிறது. வரவும் செலவும் ஓரிடத்தில் சமமாகின்றன. பெரும்பாலோருக்கு இச்சமநிலை ஓராண்டிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் ஏற்படுகிறது. அதற்குப் பின் தராசின் முள் நகர மறுத்தால் அது உடலின் இயற்கையேயன்றி, நோயாளியின் மன உறுதிக் குறைவு அன்று.

நீண்டகால ஆராய்ச்சி கூறுவது

இத்துறையில் மிகவும் மதிக்கப்படும் ஆராய்ச்சி ஸ்வீடன் நாட்டில் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ரண சிகிச்சை செய்துகொண்ட 2010 பேரையும், செய்துகொள்ளாத 2037 பேரையும் அது ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து கவனித்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, மாற்றுவழி முறையில் சிகிச்சை பெற்றவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் தங்கள் எடையில் சராசரியாக 32 சதவிகிதம் இழந்தனர். பத்தாம் ஆண்டில் இவ்விழப்பு 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது, குறைந்த எடையில் ஒரு பகுதி மீண்டும் ஏறியது. ஆனால் பெரும்பகுதி ஏறவில்லை. இரைப்பையை மட்டும் இறுக்கிக் கட்டும் பழைய முறைகளைக் கையாண்டவர்களின் இழப்பு இதனினும் குறைவு.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சிகிச்சைக்கு வந்தவர்களின் சராசரிக் குறியீட்டெண் சுமார் 42. அவர்களில் பெரும்பாலோர் பழைய முறைகளிலேயே சிகிச்சை பெற்றவர்கள். எனவே பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவர்களுள் மிகப் பலர் அட்டவணையின்படி பருமனானவர்களாகவே இருந்தனர். அப்படியிருந்தும், சிகிச்சை பெறாதவர்களுடன் ஒப்பிடுகையில் அவர்களிடையே மரண விகிதம் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்திருந்தது. உயிரைக் காத்தது அட்டவணை எடையை எட்டியது அன்று. இருந்த எடையிலிருந்து கணிசமாகக் குறைந்து, அக்குறைவைக் காத்துக்கொண்டதே ஆகும்.

மனித ஆசையோ வேறு வழியில் செல்கிறது. ரண சிகிச்சையின்றி, உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைக்க முன்வந்த 60 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1997ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அவர்கள் விரும்பிய எடையை அடைய 32 சதவிகிதம் குறைய வேண்டியிருந்தது. 48 வாரங்களுக்குப் பின் அவர்கள் சராசரியாக 16 கிலோ குறைந்திருந்தனர். மருத்துவ நோக்கில் இது சிறந்த பலன். ஆயினும், 'இதுவே கிடைத்தால் ஏமாற்றமடைவேன்' என்று தாங்களே முன்னர்க் குறித்த எடையைக் கூட அவர்களில் 47 சதவிகிதத்தினர் எட்டவில்லை. நல்ல பலன் கிடைத்தும் தோற்றுவிட்டதாக எண்ணியவர்களே அவர்களில் பலர்.

ஓர் உதாரணம்

பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 160 சென்டிமீட்டர், சிகிச்சைக்கு முன் எடை 110 கிலோ, குறியீட்டெண் 43. நீரிழிவும் முழங்கால் வலியும் உண்டு. மாற்றுவழி முறையில் அவருக்குச் சிகிச்சை நடைபெறுகிறது.

அட்டவணையைப் பார்த்தால் அவர் 59 கிலோவுக்கு வரவேண்டும். இதற்கு 51 கிலோ, அதாவது தம் எடையில் 46 சதவிகிதம் குறைய வேண்டும். ஸ்வீடன் நாட்டு அனுபவத்தை வைத்துக் கணக்கிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் சுமார் 75 கிலோ வரை இறங்கி, பத்தாம் ஆண்டில் 82 கிலோவையொட்டி நிற்பார் என எதிர்பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்குப் பின் அவர் 80 கிலோவில் நிற்பதாகக் கொள்வோம். நீரிழிவு மாத்திரைகள் குறைந்துவிட்டன. மாடியிலுள்ள வகுப்புக்கு இளைப்பின்றி ஏறுகிறார். மருத்துவர் இதை முழு வெற்றி என்கிறார். ஆசிரியைக்கோ இன்னும் 21 கிலோ பாக்கி. ஆசிரியர் அறையில் எவரேனும், "டீச்சர், இன்னும் எவ்வளவு குறையும்?" என்று நல்லெண்ணத்துடனேயே கேட்டாலும் அது அவரைத் தைக்கிறது. அவர் இரவு உணவை நிறுத்துகிறார். தராசில் ஏற வெட்கி, மருத்துவரைப் பார்ப்பதையும் நிறுத்துகிறார். உண்மையான ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

அளவுக்கு மிஞ்சிய இலக்கின் தீமை

இச்சிகிச்சை பெற்றவர்கள் உண்பது குறைவு. உண்டதிலும் சில சத்துக்கள் முழுமையாக உடலில் சேர்வதில்லை. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் மருத்துவர் குறித்தபடி உட்கொள்ள வேண்டும். இந்நிலையில் எட்டாத எண்ணை நோக்கிப் பட்டினி கிடந்தால், கரைவது கொழுப்பு மட்டுமன்று. தசையும் கரைகிறது, எலும்பும் வலுவிழக்கிறது. தலைமுடி உதிர்தல், சோகை, கால்களில் மரத்துப்போதல் முதலியன தோன்றக்கூடும். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் வைட்டமின் பி1 குறைந்து, மூளையும் நரம்புகளும் சில வாரங்களிலேயே கேடடையலாம். அத்தகையவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

எடை பெரிதும் குறைந்தவர்களின் வயிற்றிலும் கைகளிலும் தொங்கும் தோல் மடிப்புகளும் எடையுள்ளவையே. எந்த உணவுக் கட்டுப்பாடும் அவற்றைக் கரைத்துவிடாது.

இலக்கை நிர்ணயிக்கும் முறை

1. கணக்கைச் சிகிச்சைக்கு முந்திய எடையிலிருந்து தொடங்க வேண்டும். திருமணத்தின்போது இருந்த எடையையோ, கல்லூரி நாட்களின் எடையையோ அடிப்படையாகக் கொள்ளலாகாது.

2. மாற்றுவழி முறையாயின் நெடுங்கால இழப்பை 25 முதல் 30 சதவிகிதம் எனவும், குழாய் முறையாயின் 20 முதல் 25 சதவிகிதம் எனவும் உத்தேசமாகக் கொள்ளலாம். மேற்கூறிய ஆசிரியைக்கு இது முறையே 77 முதல் 82 கிலோ வரையும், 82 முதல் 88 கிலோ வரையும் ஆகும். இவை சராசரிகளே. இதைவிட அதிகமாகக் குறைபவரும் உண்டு, குறைவாகக் குறைபவரும் உண்டு. வயது முதிர்ந்தோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் இழப்பு சற்றுக் குறைவாக இருப்பது வழக்கம்.

3. இலக்கு ஒரே எண்ணாக இருத்தல் கூடாது. நான்கைந்து கிலோ இடைவெளியுள்ள ஒரு வரம்பாக இருத்தல் வேண்டும். மிகக் குறைந்த எடையை எட்டிய பின் சில கிலோ ஏறுவது எதிர்பார்க்கத் தக்கதே.

4. எடையுடன் வேறு இலக்குகளையும் எழுதிவைக்க வேண்டும்: இரத்தத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, உறக்கம், வலியின்றி நடக்கக்கூடிய தூரம் முதலியன.

5. முடிவான வரம்பைச் சிகிச்சைக் குழுவினருடன் கலந்தே வகுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டின் இறுதியில் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குழந்தைப்பேற்றை விரும்பும் பெண்கள் முதல் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது நலம்.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலை வேளையில் எடை பார்த்தால் போதுமானது. பிறர் முன்னிலையில் எடை பார்ப்பதும், அதை உரக்கக் கூறுவதும் தவிர்க்கத்தக்கவை. "எவ்வளவு குறைந்தது?" என்று கேட்பதற்குப் பதிலாக, "மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? புரத உணவு போதுமான அளவு கிடைக்கிறதா? மருத்துவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்பது பயன் தரும். பருப்பு, முட்டை, பால், மீன் முதலியவற்றை உணவின் தொடக்கத்திலேயே உண்ணவும், அன்றாடம் நடக்கவும் அவர்களைத் தூண்டலாம்.

மாதந்தோறும் எடை தொடர்ந்து ஏறி வருமானால், நோயாளியைக் கடிந்துகொள்ளாமல் சிகிச்சை பெற்ற இடத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். உணவுப் பழக்கம், வேறு நோய்களுக்காக உட்கொள்ளும் மருந்துகள், இரைப்பைப் பையின் அமைப்பு என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகளும், தேவையானால் மறு சிகிச்சையும் இன்று கிடைக்கின்றன. வெட்கத்தால் வீட்டிலேயே இருந்துவிடுபவருக்கு இவற்றில் எதுவும் கிட்டாது.

110 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு வந்து, அங்கேயே நிலைத்து நிற்கும் ஒருவர் அரிய காரியத்தைச் சாதித்தவர். அவருக்கு மீதமுள்ள பணி 59ஐத் துரத்துவது அன்று, 80ஐக் காப்பது. இதை அவருக்கு எடுத்துரைக்கும் வாய்ப்பு, அவரை அன்றாடம் காணும் ஊழியருக்கும் ஆசிரியருக்குமே மிகுதியாக வாய்த்திருக்கிறது.