மிச்ச நரம்புக்கு ஒரு துளி

"இவ்வளவு நாளா மருந்து விடுறன் மகன், வெளிச்சம் கூடுதில்லையே." குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடும் பெரியவர்களின் வழக்கமான முறைப்பாடு இது. புத்தளம் பக்கத்துக் கனமூலையிலும் மதுரங்குளியிலும் புரை எடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கட்டு அவிழ்த்ததும் பார்வை துலங்குவதைப் பக்கத்து வீட்டில் கண்டவருக்கு, கண் வைத்தியம் என்றாலே பார்வை கூட வேண்டும். கூடவில்லை என்றால் போத்தல் அலுமாரித் தட்டுக்குப் போய்விடும். அங்கேதான் கண் பறிபோகத் தொடங்குகிறது.

விழித்திரையின் உட்புறத்தில் கேங்க்லியன் கலங்கள் இருக்கின்றன, ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 10 இலட்சம். ஒவ்வொரு கலமும் மூளையை நோக்கி ஒரு நீண்ட இழையை அனுப்புகிறது. இந்த இழைகள் எல்லாம் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. கண்ணின் பின்சுவரில் சல்லடை போன்ற ஒரு தட்டின் துளைகளுக்குள் நுழைந்து அவை வெளியேறுகின்றன. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிவது தாமதமானால் அழுத்தம் ஏறும். அந்தத் தட்டு பின்னோக்கி வளையும், துளைகளில் இழைகள் நெரிபடும். குளுக்கோமாவில் நடப்பது இதுதான்.

நெரிபட்ட இழைக்குள் போக்குவரத்து நின்றுபோகிறது. மூளைப் பக்கமிருந்து கலத்துக்கு வந்துகொண்டிருந்த ஊட்டப் புரதங்கள் வராமல் போகின்றன. அவை வராத கலம் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. சுருங்குகிறது, தன் மரபணு இழையைத் தானே துண்டாடுகிறது, மிஞ்சியதை அயல் கலங்கள் விழுங்கித் துப்புரவாக்குகின்றன. இப்படியான கல இறப்புக்குக் கெர், வைலி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். குளுக்கோமாவிலும் கேங்க்லியன் கலங்கள் இவ்வாறே சாகின்றன என்பதை, குரங்குகளிலும் முயல்களிலும் செய்த பரிசோதனைகளால் ஆய்வாளர் ஹரி குவிக்லியின் குழு 1995இல் காட்டியது.

இந்தச் சாவில் வீக்கம் இல்லை, நோவு இல்லை, கண் சிவப்பதும் இல்லை. போதாததற்கு, பார்வையில் விழுந்த ஓட்டையை மூளை அக்கம்பக்கத்துக் காட்சியால் நிரப்பிவிடுகிறது. கண்முன் கருந்திட்டு எதுவும் தெரியாது. நோயாளி குர்ஆன் ஓதுவார், காசை எண்ணுவார், ஆளைத் தூரத்திலேயே அடையாளம் காண்பார். புத்தளம் வீதியைக் கடக்கும்போது பக்கவாட்டில் வரும் சைக்கிள் மட்டும் தெரியாது. பார்வைப் புலப் பரிசோதனையில் குறை தென்படும் நேரத்தில், அந்த இடத்துக் கலங்களில் கால்வாசிக்கு மேல் போயிருக்கலாம். தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் 40 வயது கடந்த 5,150 பேரைச் சோதித்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, 2.6 வீதத்தினருக்குக் குளுக்கோமா. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அதுவரை விஷயமே தெரியாது.

ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தால், இலங்கை உலகத்துக்கே கண் கொடுத்த நாடு என்று பெயர் வாங்கியது. ஆனால் அப்படிக் கொடுப்பது பெரும்பாலும் கண்ணின் முன்னால் உள்ள கருவிழிப் படலத்தைத்தான். பார்வை நரம்பை மாற்றிவைக்க இன்றுவரை வழி கிடையாது. மனிதரில் செத்த கேங்க்லியன் கலம் திரும்ப முளைப்பதுமில்லை. ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து உயிரோடிருக்கும் கலங்களுக்கானது. போன மாதம் தெரிந்த அளவு இந்த மாதமும் தெரிகிறதென்றால், மருந்து தன் வேலையைச் செய்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு அழுத்தம் வழமையான அளவில் இருக்கும்போதே நரம்பு தேய்கிறது. அவர்களுக்கும் அதை இன்னும் குறைப்பதே இன்றுள்ள வைத்தியம்.

மருந்தை நிறுத்துவதில் எங்கள் பக்கம் எனக்கு அதிகம் கவலை தருவது நோன்பு மாதம். பகலில் கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறிந்துவிடும் என்று பயந்து, மாதம் முழுக்க நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் கண்ணில் விடுவது நோன்பை முறிப்பதில்லை. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காதவரை முறியாது என்றே தீர்மானித்தது. அதற்கும் மனம் கேட்காதவர் டொக்டரிடம் நேரத்தைப் பேசிக்கொள்ளலாம். லட்டானோபுரொஸ்ட் என்ற சொட்டு மருந்து நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில் விடுவது. டிமொலோல் என்ற இன்னொரு மருந்தை இரண்டு வேளை விடுபவர் சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். ஆஸ்துமா உள்ளவர் டிமொலோல் தொடங்குமுன் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

விடும் முறையிலும் கவனம் வேண்டும். கீழ் இமையை இழுத்து ஒரு துளி, ஒன்றே போதும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண்மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்போது மருந்து தொண்டைக்கு இறங்குவது நன்றாகக் குறையும், கண்ணிலும் தங்கும்.

உப்புக்காற்றிலும் வெயிலிலும் வேலை செய்து கண் சிவந்தால், பாமசியில் கேட்டு வாங்கும் சில துளிகளில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். துண்டு இல்லாமல் மாதக்கணக்கில் அதை விட்டால் கண் அழுத்தம் ஏறி, இதே நரம்பைத்தான் அரிக்கும். திடீரென்று கண் சிவந்து, தலையிடியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது வேறு வகைக் குளுக்கோமா. விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இது இருந்தால், உங்களுக்கும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. 40 வயதானதும் புத்தளத்திலோ சிலாபத்திலோ கண் கிளினிக்குக்குப் போய், கண்ணாடி இலக்கத்தோடு நிற்காமல், "நரம்பையும் பாருங்க டொக்டர், வாப்பாவுக்குக் குளுக்கோமா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள். அன்று சில மணி நேரம் கண் கூசும், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது, யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.